மெட்டாலிகாவின் 'கில் எம் ஆல்': அந்தக் கோபம் எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெவி மெட்டலின் வேகமான, முரட்டு வகையான த்ராஷ் மெட்டல் கேட்பவர்களிடையே ஓயாத பேச்சு ஒன்று உண்டு. ஒரு குழு பின்னாளில் எவ்வளவு நேர்த்தியாக வாசித்தாலும், முதல் ஆல்பத்தில் இருந்த வெறி திரும்ப வரவே இல்லை என்பார்கள். அமெரிக்கக் குழுவான மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்'-ஐ நடுவில் வைத்துக்கொண்டு, இதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மற்ற குழுக்களும் இடையிடையே வரும்.

முதலில் அடிப்படை விவரம்: இது எப்போது வந்தது, யார் வாசித்தது?

1983 ஜூலை 25 அன்று மெகாஃபோர்ஸ் என்ற சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்டது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 51 நிமிடம். குரலும் ரிதம் கிடாரும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், டிரம்ஸ் லார்ஸ் உல்ரிக், லீட் கிடார் கிர்க் ஹாமெட், பேஸ் கிடார் கிளிஃப் பர்ட்டன். பதிவு நடந்தபோது ஹெட்ஃபீல்டுக்கும் உல்ரிக்குக்கும் வயது 19, ஹாமெட்டுக்கு 20, பர்ட்டனுக்கு 21. இந்த வயதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

ஹெவி மெட்டல் என்று சொன்னால் போதாதா? த்ராஷ் என்று தனியாக எதற்கு?

குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. 1970-களின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய ஹெவி மெட்டல் அலை, குறிப்பாக டயமண்ட் ஹெட் குழு, இந்தப் பையன்களுக்கு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) கட்டக் கற்றுக்கொடுத்தது. மோட்டர்ஹெட்டிடமிருந்து வேகமும் அழுக்கும் வந்தன. வெனம் எல்லை மீறக் காட்டியது. டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களிடமிருந்து, சுற்றி வளைக்காமல் நேராக மோதும் பழக்கம் வந்தது. எல்லாம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. அதை இறக்குமதி எல்.பி. இசைத்தட்டுகளில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட கலிஃபோர்னியப் பையன்கள், வேகத்தைக் கூட்டி வாசித்தார்கள்.

ஊர்ச் சூழலும் உதவியது. லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் அப்போது மேக்கப்பும் ஹேர்ஸ்பிரேயுமாகப் பளபளத்த கிளாம் குழுக்களின் ராஜ்ஜியம். 1981 அக்டோபரில் அங்கே தொடங்கிய மெட்டாலிகாவுக்கு அந்தக் கூட்டம் ஒட்டவே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்தான் இவர்களுக்கான ஆட்கள் இருந்தார்கள். ட்ராமா என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பர்ட்டன், 'நீங்கள் இங்கே வந்தால் சேருகிறேன், நான் அங்கே வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டார். ஒரு பேஸ் வாசிப்பாளருக்காகக் குழுவே ஊர் மாறியது.

பாடல் வரிகளைப் படித்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. இதிலா கோபம்?

சரியான கேள்வி. வரிகளை மட்டும் தாளில் எழுதி வைத்துப் படித்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. 'விப்லாஷ்' தலையை ஆட்டுவதைப் பற்றியது. 'மோட்டர்பிரெத்' வேகமான வாழ்க்கையைப் பற்றியது. 'ஹிட் த லைட்ஸ்' மேடையைப் பற்றியது. 'மெட்டல் மிலிஷியா' மெட்டல் ரசிகர் பட்டாளத்தைப் பற்றியது. அரசியல் இல்லை, சமூக விமர்சனம் இல்லை. 'நோ ரிமோர்ஸ்' போரைப் பேசுகிறது, அதுவும் போரைக் கண்டித்து அல்ல.

என் கணிப்பு இதுதான்: இந்த ஆல்பத்தின் கோபம் வரிகளில் இல்லை, ஹெட்ஃபீல்டின் வலது கையில் இருக்கிறது. வாய் என்ன சொன்னாலும் சரி, கை சொல்வதுதான் காதில் விழுகிறது. வெறும் கிடாரையும் டிரம்ஸையும் மட்டும் தனியாகக் கேட்டாலும் இது கோபமான இசை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வரிகளை வேறொரு மெட்டில் போட்டால் அது போய்விடும்.

வலது கை என்றால்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கிடாரில் தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜ் மேல் உள்ளங்கையின் ஓரத்தை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு தந்தியை மீட்டினால், நாதம் முழுசாக எழாது. 'டக்' என்று அடைபட்ட ஓசைதான் வரும். இதைத்தான் பாம் மியூட் என்கிறார்கள். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏறியிருக்கும்போது அந்த 'டக்' நெஞ்சில் குத்துகிற ஓசையாக மாறும். தடித்த ஆறாவது தந்தியில் இதையே இடைவிடாமல், தையல் மெஷின் ஓடுவதுபோல அடித்துக்கொண்டே போவதுதான் த்ராஷ் ரிஃப்பின் அஸ்திவாரம்.

இது பாதிதான். மீதிப் பாதி, கையை எப்போது எடுக்கிறார் என்பது. அடைத்து அடைத்து அடித்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் உள்ளங்கையைத் தூக்கிவிட்டு, பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டை அறைவார். அந்த ஒரு கணம் ஒலி விரிந்து வெடிக்கும். உடனே மறுபடி அடைப்பு. அடக்கி வைப்பதும் அவிழ்த்து விடுவதும் மாறி மாறி, ஒரு வினாடிக்குள் சில தடவை. கோபத்தில் இருக்கும் மனிதனின் உடம்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பல்லைக் கடிக்கிறான், கத்துகிறான், மறுபடி பல்லைக் கடிக்கிறான்.

'விப்லாஷ்' பாடலின் ஆரம்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கிடார் உடனே ஓடத் தொடங்காது. டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து அங்கங்கே ஒரு அடி கொடுத்துவிட்டு நிற்கும். அந்த இடைவெளியில் அடைபட்ட தந்தி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் மொத்தக் குழுவும் கிளம்பும். கிளம்பிய பிறகு வேகம் பெரிதாகத் தெரிவதற்கு அந்தத் தயக்கமே காரணம். அதே பாடலை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் தொடங்கியிருந்தால் பாதி பலம்கூட இருந்திருக்காது.

அப்படியானால் யார் மேல் இந்தக் கோபம்?

யார் மேலும் இல்லை. இந்த ஆல்பத்தின் விசேஷமே அதுதான் என்பேன். முகவரி இல்லாத கோபம்.

ஹெட்ஃபீல்டுக்குக் கோபப்படக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், மருத்துவத்தை நம்பாத வீடு. அப்பா சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா புற்றுநோயில் இறந்தபோது பையனுக்கு வயது 16. இதில் ஒரு வரிகூட 'கில் எம் ஆல்' ஆல்பத்தில் இல்லை. பெற்றோரை நேராக நிறுத்திக் கேட்கும் 'டையர்ஸ் ஈவ்' 1988-இல்தான் வந்தது. அம்மாவைக் காப்பாற்றாத அந்த நம்பிக்கையைப் பற்றிய 'த காட் தட் ஃபெயில்ட்' 1991-இல். 19 வயதில் எதைச் சொல்வது என்று தெரியாததால் மொத்தமும் கையில் இறங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க வழியில்லை, ஆனால் பாடல்களைத் தேதி வாரியாகக் கேட்டால் நீங்களும் இந்த முடிவுக்கு வரக்கூடும்.

டேவ் மஸ்டேன் கதை என்ன? ஆல்பத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். ஹாமெட்டுக்கு முன்னால் லீட் கிடார் அவர்தான். 'த ஃபோர் ஹார்ஸ்மென்', 'ஜம்ப் இன் த ஃபயர்', 'ஃபாண்டம் லார்ட்', 'மெட்டல் மிலிஷியா' ஆகிய நான்கிலும் எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

ஆல்பம் பதிவு செய்வதற்காகக் குழு ஒரு வாடகை லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் பக்கம் வந்தது. வந்து சில நாட்களிலேயே, 1983 ஏப்ரல் 11 காலையில், தூக்கத்திலிருந்து எழுப்பி மஸ்டேனை வெளியேற்றினார்கள். குடியும் அடிதடியும்தான் சொல்லப்பட்ட காரணம். விமான டிக்கெட்கூட இல்லை, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நான்கு நாள் பயணம். இடத்தை நிரப்ப எக்ஸோடஸ் குழுவிலிருந்து ஹாமெட் வந்தார். ஏப்ரல் 16 அன்று நியூ ஜெர்ஸியில் மேடை ஏறியும் விட்டார்.

மஸ்டேன் போட்ட சோலோக்களையே (தனி வாசிப்புப் பகுதிகளையே) வாசிக்கச் சொன்னார்கள். ஹாமெட் தொடக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைத் தன் போக்கில் வாசித்தார். இந்த ஆல்பத்தின் சோலோக்களில் இரண்டு பேரின் விரல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு உணர்வு வருவது இதனால்தான்.

பெயர் ஏன் இப்படி?

முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், கெட்ட வார்த்தை கலந்தது. அட்டைப்படமும் அதற்கேற்றபடி, கழிப்பறைக் கோப்பையிலிருந்து கத்தியோடு ஒரு கை நீண்டு வருவதாக யோசித்திருந்தார்கள். விநியோகஸ்தர்கள் இதைக் கடையில் வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். எரிச்சலில் பர்ட்டன் அந்த விநியோகஸ்தர்களைப் பற்றிச் சொன்னதுதான் 'கில் எம் ஆல்'. அதுவே பெயராகிவிட்டது. அட்டையில் ரத்தத்தில் கிடக்கும் சுத்தியலும் ஒரு கையின் நிழலும் வந்தன. முகவரி இல்லாத கோபம் என்றேன் அல்லவா, ஆல்பத்தின் பெயருக்கு மட்டும் ஒரு முகவரி உண்டு.

பதிவு எப்படி நடந்தது? காசு எங்கிருந்து வந்தது?

நியூ ஜெர்ஸியில் ஒரு சந்தையில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர் ஜான் ஜஜூலா. 1982-இல் மெட்டாலிகா பதிவு செய்த 'நோ லைஃப் டில் லெதர்' என்ற டெமோ (மாதிரிப் பதிவு) கேசட் கைமாறிக் கைமாறி அவர் கடைக்கு வந்து சேர்ந்தது. கேட்டார், அசந்துபோனார், பையன்களுக்குப் பணம் அனுப்பி வரவழைத்தார். பெரிய லேபிள்கள் எதுவும் திரும்பிப் பார்க்காததால், அவரும் மனைவி மார்ஷாவும் தாங்களே மெகாஃபோர்ஸ் என்று ஒரு லேபிளைத் தொடங்கினார்கள். பதிவுக்குக் கையைக் கடித்துத்தான் செலவு செய்தார்கள்.

அந்த நாட்களில் குழு தங்கியது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், இசைக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஒரு கட்டடத்தில். படுக்க இடம் இருந்தது, மற்றது எதுவும் இல்லை. அதே கட்டடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஆந்த்ராக்ஸ் குழுதான் ஒரு ஃபிரிட்ஜும் ரொட்டி சுடும் அடுப்பும் கொடுத்து உதவியது.

மே 10 முதல் 27 வரை, நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் மியூசிக் அமெரிக்கா ஸ்டுடியோவில் பதிவு. ஒரு பழைய மாளிகை மாதிரியான கட்டடத்தின் அடித்தளத்தில் ஸ்டுடியோ. டிரம்ஸை மட்டும் மாடியில் இருந்த பெரிய நடனக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், எதிரொலி நன்றாக வருமே என்று. உல்ரிக் அங்கே தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் பேய் இருப்பதாக அவர் பயந்த கதையைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகத்தையே அடித்து நொறுக்கும் தோரணையில் ஒரு ஆல்பம், அதற்கு டிரம்ஸ் வாசித்தவருக்கு மாடியில் தனியாக இருக்கப் பயம். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

ஒலி மெலிசாக இருக்கிறதே. மோசமான தயாரிப்பா?

இன்றைய மெட்டல் ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மெலிசுதான். கிடார் கரகரவென்று கீச்சிடுகிறது, பேஸ் பல இடங்களில் அமுங்கிவிடுகிறது. தயாரிப்பாளர் பால் கர்சியோவுக்கு இந்த மாதிரி இசையில் பழக்கம் இல்லை, குழுவுக்கு அவர்மேல் திருப்தியும் இல்லை. தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலக்கும் முதல் மிக்ஸிங்கில் டிரம்ஸ் தூக்கலாகவும் கிடார் தாழ்ந்தும் இருந்ததால் ஜஜூலா மறுபடி மிக்ஸ் செய்ய வைத்தார்.

ஆனாலும் இந்த மெலிசு ஒரு நல்லதைச் செய்திருக்கிறது. அடர்த்தியான ஒலியில் தந்தியும் அதை மீட்டும் பிளெக்ட்ரமும் உரசுகிற சத்தம் மறைந்துபோகும். இங்கே அது அப்படியே கேட்கிறது. கை வேலை செய்வது தெரிகிறது. கறாரான தயாரிப்பாளர் யாராவது கிடைத்திருந்தால் அந்த உரசலைத்தான் முதலில் துடைத்திருப்பார்.

வேகத்தில் டிரம்ஸ் சில இடங்களில் முன்னே ஓடுவதுபோல இருக்கிறது. தப்பா, வேண்டுமென்றே செய்ததா?

இரண்டுக்கும் நடுவில். கம்ப்யூட்டர் வைத்து ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள் நகர்த்தி வைக்கும் காலம் இல்லை அது. உற்சாகம் ஏறினால் வேகமும் கொஞ்சம் ஏறும். இப்போதைய பதிவுகளில் இது அரிது, அந்த அளவுக்கு அவை குளிர்ந்துபோய்விட்டன.

தேர்ச்சி இல்லாததால்தான் இவ்வளவு கரடுமுரடா?

இல்லை, நிலைமை நேர் எதிர். இந்த ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஏழு, முந்தைய ஆண்டின் டெமோ கேசட்டிலேயே இருந்தவை. கிளப் கிளப்பாக வாசித்து வாசித்துத் தேய்ந்து வழவழப்பான பாடல்கள். ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை, வாசித்துவிட்டு வர வேண்டியதுதான். புது ஆள் ஹாமெட் ஒருவர்தான், அவருக்கும் பாடம் செய்யச் சில வாரங்கள் கிடைத்தன.

கோபமாக ஒலிக்க ஒழுங்கு வேண்டும். நான்கு பேரும் ஒரே நொடியில் நிறுத்தி, ஒரே நொடியில் மறுபடி தொடங்கினால்தான் அந்த நிறுத்தம் அறைந்த மாதிரி இருக்கும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் அது வெறும் சத்தம். 'நோ ரிமோர்ஸ்' பாடலின் முடிவில் வேகம் திடீரென்று ஏறும் இடத்தைக் கேளுங்கள். கூட்டாகப் பழகாத குழு அந்த இடத்தில் சிதறியிருக்கும்.

நிறையப் புதுக் குழுக்கள் வழுக்கி விழுவது இங்கேதான். 'ரா'வாக இருக்க வேண்டும் என்று ஒத்திகையைக் குறைத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது கோபம் இல்லை, குழப்பம்.

ஹெட்ஃபீல்டின் குரல் கீச்சென்று இருக்கிறதே?

பின்னாளைய கர்ஜனையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அவருக்கே தன் குரல்மேல் நம்பிக்கை இல்லாத காலம். ஆர்மர்டு செயிண்ட் குழுவின் ஜான் புஷ்ஷைப் பாடகராக அழைத்துப் பார்த்ததும் உண்டு, அவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் கத்திய ஒரு பையனின் குரல்தான் இதில் இருக்கிறது. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

நடுவில் ஒரு பேஸ் சோலோ வருகிறது. கோபமான ஆல்பத்தில் அது எதற்கு?

'அனஸ்தீஸியா – புல்லிங் டீத்' என்பது பெயர். பர்ட்டன் ட்ராமா குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தனி வாசிப்பைக் கேட்டு லீட் கிடார் என்று நினைத்து ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் ஏமாந்தார்களாம். மேடையில் பேஸை மட்டும் பார்த்த பிறகுதான் புரிந்ததாம். டிஸ்டார்ஷனும், காலால் மிதித்து ஒலியை வளைக்கும் வா பெடலும் போட்டுப் பேஸைப் பேச வைப்பார். ஆரம்பத்தில் ஸ்டுடியோ எஞ்சினியர், இது பேஸ் சோலோ, முதல் டேக் என்று அறிவிக்கும் குரலையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

கேட்டுப் பாருங்கள், முதல் பாதியில் மேல்நாட்டுச் செவ்வியல் இசையின் சாயல் நன்றாகத் தெரியும். அப்புறம் டிரம்ஸ் வந்து சேரும், ஓசை அழுக்காகும். அது முடிந்த கையோடு 'விப்லாஷ்' தொடங்கும். அந்த வரிசையை மாற்றிக் கேட்காதீர்கள். இந்த ஆல்பத்தை ஷஃபிளில் போடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

மற்ற த்ராஷ் குழுக்களின் முதல் ஆல்பங்களிலும் இதே வெறி இருக்கிறதா?

இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில்.

ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி' அதே 1983-இன் டிசம்பரில் வந்தது. பாடகர் டாம் அராயா ஒரு மருத்துவமனையில் சுவாச சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், கிடார் வாசித்த கெரி கிங்கின் அப்பாவிடம் வாங்கிய கடனும் போட்டு எடுத்தது. அதில் இருப்பது கோபத்தைவிடக் கெட்ட பையன் வேடம். நிஜமான அச்சம் தருகிற ஸ்லேயர் 1986-இன் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில்தான் முழுசாக வந்தது, அரை மணி நேரம்கூட ஓடாத ஆல்பம் அது. ஆக, முதல் ஆல்பம்தான் எப்போதும் உச்சம் என்ற பேச்சுக்கு ஸ்லேயர் ஒரு நல்ல மறுப்பு.

மஸ்டேன் பிறகு தொடங்கிய மெகாடெத்தின் முதல் ஆல்பம் 1985-இல். மஸ்டேனின் கோபத்துக்கு மட்டும் தெளிவான முகவரி உண்டு: தன்னைத் துரத்திய குழு. 'த ஃபோர் ஹார்ஸ்மென்' பாட்டின் மூல வடிவமான 'மெக்கானிக்ஸ்' பாட்டை, மெட்டாலிகா சேர்த்த மெதுவான நடுப்பகுதி இல்லாமல், இன்னும் வேகமாக வாசித்துத் தன் ஆல்பத்தில் போட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ரிஃப், இரண்டு மனநிலை. மெட்டாலிகாவின் வடிவம்தான் நல்ல பாட்டு. கோபத்தில் ஜெயிப்பது மஸ்டேன். பதிவுக்குக் கிடைத்த 8,000 டாலரில் பெரும்பங்கு போதைக்கும் சாப்பாட்டுக்கும் போய், தயாரிப்பாளரை நிறுத்திவிட்டுத் தாங்களே முடித்தார்கள். ஒலியில் அது தெரியும்.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் அசல் முரட்டுத்தனத்துக்கு ஒரே ஒரு ஆல்பம்தான்: எக்ஸோடஸின் 'பாண்டட் பை பிளட்'. 1984 கோடையில் பதிவாகி, வெளியீடு இழுத்தடித்து 1985 ஏப்ரலில் வந்தது. பால் பலாஃப் பாடுவதை எந்தப் பாட்டு வாத்தியாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். சுருதிக்குள் நிற்கமாட்டார், வார்த்தைகளைக் கடித்துத் துப்புவார். ஆனால் பெர்க்லியில் ரூத்திஸ் இன் என்ற சின்ன கிளப்பில் வியர்வையோடு இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தின் வெப்பம் அந்தக் குரலில் இருக்கிறது. கேரி ஹோல்ட்டும் ரிக் ஹுனோல்ட்டும் இரட்டைக் கிடாரில் அதற்கு நேர்மாறாகப் பிசிறில்லாமல் வாசிக்கிறார்கள். பித்துப் பிடித்த குரலும் துல்லியமான கைகளும் மோதும் அந்த இடம் வேறு எதிலும் கிடைக்காது. அடுத்த ஆல்பத்துக்குள் பலாஃப் வெளியேற்றப்பட்டார், ஸ்டீவ் சூஸா வந்தார், குழு தொடர்ந்து நன்றாகவே வாசித்தது. அந்தப் பித்து மட்டும் போய்விட்டது. பலாஃப் 2002-இல் பக்கவாதத்தால் இறந்தார்.

ஜெர்மனியில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த எஸ்ஸன் நகரிலிருந்து க்ரியேட்டர். 1985-இல் 'எண்ட்லெஸ் பெய்ன்' வந்தபோது கிடார் வாசித்த மில்லே பெட்ரோஸாவுக்கு வயது 17. அவரும் டிரம்ஸ் வாசித்த வென்டரும் பாடல்களைப் பங்கு போட்டுக்கொண்டு கத்துகிறார்கள். அமெரிக்கக் குழுக்களைக் காட்டிலும் பச்சையான ஆல்பம் அது.

ஆந்த்ராக்ஸின் முதல் ஆல்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்ததைக் கேளுங்கள்.

இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் கோபம் ஏன் இல்லை?

'ரைட் த லைட்னிங்' ஒரே வருஷத்தில், 1984 ஜூலை கடைசியில் வந்துவிட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு ஸ்டுடியோவில், ஒலிப்பதிவாளர் ஃப்ளெம்மிங் ராஸ்முஸனோடு சேர்ந்து செய்தது. முதல் பாட்டே அகூஸ்டிக் கிடாரில் மென்மையாகத் தொடங்குகிறது. அணு ஆயுதப் போர், மின்சார நாற்காலி, தற்கொலை என்று பாடுபொருள் வந்துவிட்டது. பர்ட்டனிடமிருந்து இசைக் கோட்பாடும் இரட்டைச் சுரக் கோவைகளும் வந்து சேர்ந்தன. 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' வேகத்தில் 'கில் எம் ஆல்' ஆல்பத்தின் எந்தப் பாட்டுக்கும் குறைந்ததில்லை. ஆனால் யோசித்து வைத்த வேகம் அது.

ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. முதல் ஆல்பத்துக்கான பாடல்களை ஒரு குழு பல மாதங்கள், சில நேரம் வருஷக்கணக்கில் மேடையில் சோதித்துப் பார்க்கிறது. எந்த இடத்தில் கூட்டம் துள்ளுகிறது, எங்கே பீர் வாங்கப் போகிறது என்று தெரிந்துவிடும். துள்ளாத இடம் வெட்டுப்படும். 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' பாட்டின் ரிஃப்பை, ஒரு ஸ்டிக்கர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வெளியே நின்ற தன் வண்டியில் உட்கார்ந்து போட்டதாக ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஸ்டுடியோ வரை அந்தப் பாட்டு எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டது. இரண்டாவது ஆல்பத்துக்கு அந்த அவகாசம் யாருக்கும் கிடைப்பதில்லை.

வந்தபோதே பெரிய வெற்றியா?

இல்லை. ரேவன் என்ற பிரிட்டிஷ் குழுவோடு சேர்ந்து அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். கேசட் பரிமாறிக்கொள்ளும் ரசிகர்களிடையே பெயர் பரவியது. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலுக்குள் முதன்முறை நுழைந்தது 1986-இல், அதுவும் மூன்றாவது ஆல்பம் நன்றாக ஓடிய புண்ணியத்தில். 1999-க்குள் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டால் கோபம் அதிகமாகாதா? பிள்ளைகள் கேட்கிறார்கள், பயமாக இருக்கிறது.

2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். இந்த மாதிரி இசையை வழக்கமாகக் கேட்கும் 39 பேரை அழைத்து, முதலில் எரிச்சலூட்டும் நினைவுகளைப் பேச வைத்துக் கோபப்படுத்தினார்கள். அப்புறம் பாதிப் பேரைத் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்க விட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை, எரிச்சலும் பகையுணர்வும் குறைந்தன. சும்மா உட்கார்ந்தவர்களுக்கும் தணிந்தது, ஆகவே இது மருந்து என்று கொண்டாட வேண்டாம். ஆட்களும் குறைவு, எல்லோரும் ஏற்கெனவே ரசிகர்கள். பிடிக்காதவரை உட்கார வைத்து 'மெட்டல் மிலிஷியா' போட்டால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

பிள்ளை கேட்கிறான் என்றால், ஒருநாள் கூட உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காது முக்கியம். மற்றபடி கவலைப்பட ஒன்றும் இல்லை.

கிடார் பழகுகிறேன். இந்த ஒலியை எப்படிக் கொண்டுவருவது?

பெடல் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். டிஸ்டார்ஷனை நீங்கள் நினைப்பதைவிடக் குறைத்து வையுங்கள், நிறைய ஏற்றினால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' பாட்டின் ரிஃப்பைப் பாதி வேகத்தில், முழுக்கக் கீழ்நோக்கிய அடியாக வாசியுங்கள். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், முழங்கை வரை இறுகினால் உடனே நிறுத்துங்கள். வலியோடு தொடர்ந்தால் தசைநாண் கெட்டுவிடும். சீராக வந்த பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். 'விப்லாஷ்' கடைசியில், அதற்கு மேல்கீழ் அடியும் பழக வேண்டும்.

ஹெட்ஃபீல்டின் அந்தக் காலத்து ஆம்ப்பைத் தேடி அலையாதீர்கள். அவருக்கு உயிரான மார்ஷல் ஆம்ப் 1984 ஜனவரியில் பாஸ்டனில் திருடு போய்விட்டது. அவரே அந்த ஒலியைத் திரும்பப் பிடிக்கப் பாடுபட்டார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

பத்துப் பாடல் உள்ள மூல வரிசை போதும். 1988-இல் எலெக்ட்ரா என்ற லேபிள் மறுவெளியீடு செய்தபோது கடைசியில் 'ஆம் ஐ ஈவில்', 'பிளிட்ஸ்க்ரீக்' என்று இரண்டு பிறர் பாடல்களைச் சேர்த்தார்கள். நல்ல வாசிப்புதான், ஆனால் அவை 1984-இல் பதிவானவை, ஒலியே வேறு. 'மெட்டல் மிலிஷியா' படை நடக்கும் ஓசையோடு தேய்ந்து மறைந்த பிறகு இன்னொரு பாட்டு தொடங்குவது எனக்கு இடறுகிறது. 2016-இல் வந்த ரீமாஸ்டர் (ஒலி சீரமைத்த பதிப்பு) சுத்தமாக இருக்கிறது, டெமோ கேசட் காலத்துப் பாடல்களின் மேடை வடிவங்களைத் தேடுபவர்கள் அதனோடு வந்த பெரிய பெட்டிப் பதிப்பைப் பார்க்கலாம். முதல் தடவை கேட்பவர் கையில் கிடைக்கும் எதையும் எடுத்து, பத்தாவது பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.